குப்பியில் வரும் மனித ஒட்டுப் புரதம்: எதனால் ஆனது, எங்கே பிழை நேர்கிறது

மாரி மழைக்கு வன்னி வயல்களில் தண்ணீர் நிற்கத் தொடங்கியதும் எலிக்காய்ச்சல் பற்றிய அறிவித்தல்களும் தொடங்கிவிடும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சலால் உயிர்கள் போனதை யாரும் மறக்கவில்லை. அந்த நோயைப் பற்றிய ஆய்வுச் செய்திகளை வாசித்தால், கிருமி உடம்பில் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க "மனித ஒட்டுப் புரதங்கள்" பயன்பட்டதாக ஒரு வரி வரும். வாசிப்பவருக்கு உடனே எழும் கேள்வி: மனிதப் புரதம் என்றால் அது யாருடைய உடம்பிலிருந்து எடுத்தது?

குறுகிய பதில்: பெரும்பாலும் யாருடைய உடம்பிலிருந்தும் இல்லை. மனிதப் பரம்பரையலகின் வரிசையைக் கொடுத்து, வளர்ப்புக் கலங்களைக் கொண்டு செய்விக்கும் புரதம் அது. நீண்ட பதில் அந்தக் குப்பியில் கைவைக்கப் போகிறவர்களுக்கு வேண்டியது. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகள் அவர்களில் அடங்குவர். குப்பியில் புரதம் இருக்கிறது என்பது ஒன்று, அந்தப் புரதம் ஒட்டுகிறது என்பது வேறொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் காசும் மாதங்களும் தொலைகின்றன.

கலங்கள் எதைப் பிடித்து நிற்கின்றன

தோல், குடல், சிறுநீரகக் குழாய், குருதிக் கலன்களின் உட்சுவர் எங்கும் கலங்கள் பக்கத்துக் கலத்தையோ அடியிலுள்ள தளத்தையோ பிடித்தபடிதான் வாழ்கின்றன. பிடி விட்டுப்போனால் பல வகைக் கலங்கள் தாமாகவே இறந்துவிடும். பிடிக்கும் வேலையைச் செய்பவை நான்கு பெருங்குடும்பங்கள்.

1. கட்ஹெரின்கள். பக்கத்துக் கலத்தில் இருக்கும் தன் இனத்தையே பிடிப்பவை. மேலணிக் கலங்களில் ஈ-கட்ஹெரின், குருதிக் கலன்களின் அகவணியில் வீ.ஈ.-கட்ஹெரின். கல்சியம் இல்லாமல் இவை வேலை செய்யா.

2. இன்ரெகிரின்கள். அல்பா, பீற்றா என்ற இரண்டு சங்கிலிகள் சோடி சேர்ந்தவை. மனிதரில் 18 அல்பாவும் 8 பீற்றாவும் உண்டு; அவை சேர்ந்து 24 சோடிகள். பெரும்பாலானவை கலத்துக்கு வெளியேயுள்ள தளத்தைப் பிடிக்கின்றன. மக்னீசியமோ மங்கனீசோ வேண்டும்.

3. இமியூனோகுளோபுலின் குடும்பம். ஐகாம்-1, வீகாம்-1 இரண்டும் இதில் முக்கியமானவை. அழற்சி வந்ததும் குருதிக் கலனின் சுவரில் இவை கூடும். வெண்குருதிக் கலத்தின் இன்ரெகிரின் வந்து பிடித்துக்கொள்ளும்.

4. செலெக்ரின்கள். புரதத்தைவிட அதில் தொங்கும் சீனிச் சங்கிலியைத்தான் இவை பார்க்கின்றன. ஓடுகிற குருதியில் வெண்குருதிக் கலத்தின் வேகத்தைக் குறைத்து உருளவைப்பவை இவையே. இவற்றுக்கும் கல்சியம் வேண்டும்.

இவற்றோடு ஒரே தட்டில் வைத்து விற்கப்படுபவை பைப்ரோனெக்ரின், விற்றோனெக்ரின், லமினின், கொலாஜன் போன்ற தளப் புரதங்கள். கலத்தின் மேற்பரப்பில் பதிந்திருப்பவை அல்ல இவை. இன்ரெகிரின் பிடிக்கும் தளம். பைப்ரோனெக்ரினில் இன்ரெகிரின் பிடிக்கும் இடம் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பாற்றிக் அமிலம் என்ற மூன்றே அமினோவமிலங்களைச் சுற்றி இருக்கிறது என்று 1984இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் காட்டினார்கள். அவ்வளவு பெரிய மூலக்கூறில் மூன்று அமினோவமிலங்கள் என்பது அன்றைக்குப் பெரிய வியப்பு. இன்று புரதத்தைத் துண்டு துண்டாக விற்க முடிவதற்கு அடிப்படை அதுதான்.

மனிதரிடம் எடுக்காத மனிதப் புரதம்

மீள்சேர்மானம் என்ற சொல் உயர்தர உயிரியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஒட்டுப் புரதத்துக்கு அது நடக்கும் ஒழுங்கு இது:

1. மனிதப் பரம்பரையலகில், கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குரிய வரிசை மட்டும் தெரிவு செய்யப்படும். மென்சவ்வில் குத்தி நிற்கும் கொழுப்புநாட்டப் பகுதியும் உள்வாலும் விடப்படும். அந்த நங்கூரம் இல்லாததால் புரதம் நீரில் கரையும்.

2. அந்த வரிசையின் ஓரத்தில் ஒரு வால் சேர்க்கப்படும். ஆறு முதல் பத்து ஹிஸ்ரிடின்கள் கொண்ட குறுவால் ஒரு வகை, பிறபொருளெதிரியின் எஃப்.சி. பகுதி இன்னொரு வகை.

3. பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தின் வழியாக அது வளர்ப்புக் கலத்துக்குள் செலுத்தப்படும். ஹெக்-293 என்ற மனிதச் சிறுநீரக வழிவந்த கலமோ, சீன ஹம்ஸ்ரரின் சூலகத்திலிருந்து வந்த சி.எச்.ஓ. கலமோ, ஈ.கோலை பற்றீரியாவோ பயன்படும்.

4. ஹெக்கும் சி.எச்.ஓ.வும் புரதத்தை வளர்ப்புத் திரவத்துக்குள் சுரக்கும். ஹிஸ்ரிடின் வாலை நிக்கல் நிரலிலும், எஃப்.சி. வாலைப் புரொட்டீன்-ஏ நிரலிலும் பிடித்துத் தூய்மையாக்குவார்கள்.

5. கடைசியில் உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தி, 25, 50 அல்லது 100 மைக்ரோகிராம் அளவுகளில் குப்பியில் அடைப்பார்கள்.

இதற்கு விலக்கும் உண்டு. முழுநீளப் பைப்ரோனெக்ரினின் ஒரு சங்கிலியே 230 கிலோடால்ற்றனுக்கு (மூலக்கூற்று நிறையின் அலகு) மேல். இரண்டு சேர்ந்து ஒன்றாக இருக்கும். அவ்வளவு பெரியதைக் கலத்தைக் கொண்டு செய்விப்பதைவிட மனிதக் குருதித் திரவவிழையத்திலிருந்து எடுப்பது இலகு. கடையில் வரும் முழுநீளப் பைப்ரோனெக்ரினில் பெரும்பங்கு அப்படி எடுத்ததே. குப்பியின் சுட்டியில் (லேபிளில்) திரவவிழையத்திலிருந்து பெற்றது என்று இருந்தால், தொற்றுச் சோதனை முடித்தே விற்றிருந்தாலும், குருதிப் பொருளைக் கையாளும் அதே கவனத்தோடு கையுறை போட்டுத்தான் தொடவேண்டும். மீள்சேர்மானமாக வருவது பெரும்பாலும் அதன் துண்டுகள். துண்டை வாங்குவோர் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்த மூன்று அமினோவமிலங்கள் இருப்பது பத்தாவது மூன்றாம்-வகை வளையத்தில் (வளையம் என்பது புரதத்தில் தனியாக மடிந்து நிற்கும் பகுதி), பிடியை இறுக்கும் துணை இடம் ஒன்பதாவதில். பத்தாவதை மட்டும் கொண்ட துண்டில் அல்பா-5 பீற்றா-1 இன்ரெகிரின் நன்றாகப் பிடிக்காது.

எந்தக் கலத்தில் செய்தது என்பது ஏன் முக்கியம்

விலையைப் பார்த்து ஈ.கோலையில் செய்ததை எடுத்துவிடும் வழக்கம் உண்டு. சில தேவைகளுக்கு அது போதும். ஒட்டுப் புரதத்துக்குப் பெரும்பாலும் போதாது. காரணம் மூன்று.

முதலாவது, சீனிச் சங்கிலி. வழக்கமான ஈ.கோலை புரதத்தில் மனிதக் கலம் போடுவதுபோலச் சீனிச் சங்கிலி போடாது. ஐகாம்-1இன் புரத உடல் மட்டும் சுமார் 55 கிலோடால்ற்றன். சீனியோடு சேர்ந்து 80 முதல் 114 வரை போகும். பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை சீனி. செலெக்ரின் பிடிக்கும் வெண்குருதிக் கலப் புரதமான பி.எஸ்.ஜி.எல்.-1 விடயத்தில் சி.எச்.ஓ. கலத்தையும் அப்படியே நம்ப முடியாது. அதற்கு வேண்டிய இரண்டு நொதியங்கள் அந்தக் கலத்தில் இல்லை. அவற்றையும் சேர்த்துச் செலுத்திச் செய்தால்தான் புரதம் செலெக்ரினைப் பிடிக்கும்.

இரண்டாவது, மடிப்பு. கந்தகப் பாலங்கள் உள்ள புரதங்கள் ஈ.கோலைக்குள் பிழையாக மடிந்து கட்டியாகத் தேங்கும். கரைத்துத் திரும்ப மடிக்கலாம். எத்தனை வீதம் சரியாக மடிந்தது என்பது புரதங்களைப் பருமன்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெரியாது. ஜெல்லில் ஒரே பட்டை, 95 வீதத் தூய்மை என்றெல்லாம் சுட்டியில் இருக்கும். மடிப்புக் கெட்ட புரதமும் ஜெல்லில் அதே இடத்தில்தான் ஓடும்.

மூன்றாவது, அகநச்சு. ஈ.கோலையின் வெளிச்சுவர்க் கொழுப்புச்சீனி மிகச் சிறிய அளவில் ஒட்டிக்கொண்டு வந்தாலும், குருதிக் கலன் அகவணிக் கலங்கள் அதை உணர்ந்து சில மணித்தியாலங்களில் ஈ-செலெக்ரின், ஐகாம்-1, வீகாம்-1 எல்லாவற்றையும் மேற்பரப்பில் ஏற்றிவிடும். ஆய்வாளர் தன் புரதம் அழற்சியைத் தூண்டியது என்று எழுதுவார், தூண்டியது நச்சு. சுட்டியில் ஒரு மைக்ரோகிராமுக்கு 1 அகநச்சு அலகுக்குக் குறைவு என்றோ 0.1க்குக் குறைவு என்றோ எழுதியிருக்கும். உயிருள்ள கலத்தோடு வேலை என்றால் இரண்டாவதையே தேட வேண்டும்.

வால் எந்தப் பக்கம் இருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது பயனுள்ளது. ஈ-கட்ஹெரினுக்கு வெளியே ஐந்து வளையங்கள். எதிர்க் கலத்தின் கட்ஹெரினைப் பிடிப்பது நுனியிலுள்ள முதல் வளையம். அதன் தொடக்கத்திலிருந்து இரண்டாவதாக உள்ள அமினோவமிலம் திரிப்ரோபன். அந்தத் திரிப்ரோபன் எதிராளியின் முதல் வளையத்திலுள்ள ஒரு குழிக்குள் போய் அமர்கிறது. எதிராளியின் திரிப்ரோபன் இதன் குழிக்குள் வருகிறது. பிடி என்பது இந்தக் கைமாற்றுத்தான்.

கலம் ஈ-கட்ஹெரினை முதலில் ஒரு முன்துண்டோடுதான் செய்கிறது. அந்த முன்துண்டு வெட்டப்பட்டு, 155ஆவது அமினோவமிலமான அஸ்பாற்றிக் அமிலத்தில் தொடங்கினால்தான் புரதம் முதிர்ந்தது. முன்துண்டு வெட்டுப்படாவிட்டாலோ, தயாரித்தவர் ஹிஸ்ரிடின் வாலை முன்பக்கத்தில் வைத்துவிட்டாலோ, திரிப்ரோபன் தன் இடத்துக்குப் போகாது. பிறபொருளெதிரி வைத்துப் பார்த்தால் புரதம் இருக்கிறது. கலத்தை விட்டுப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. ஆகவே கட்ஹெரின் வாங்குமுன் சுட்டியில் இரண்டைத் தேடவேண்டும்: தொடக்கம் 155 என்பது, வால் பின்பக்கம் என்பது.

எஃப்.சி. வாலுக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும். அது புரதத்தை இரட்டையாக்கும். தனி ஈ-கட்ஹெரினின் பிடி மிகப் பலவீனமானது. இரண்டு சேர்ந்தால் கலம் நன்றாகப் பிடிக்கும். தீமை, மொனோசைற்று, பெருவிழுங்கி போன்ற நிர்ப்பீடனக் கலங்களில் எஃப்.சி.யைப் பிடிக்கும் வாங்கிகள் இருப்பது. அவை ஐகாம்-1ஐப் பிடித்தனவா, வாலைப் பிடித்தனவா என்று தெரியாது போகும். வெறும் எஃப்.சி. பூசிய கிணறு (சோதனைத் தட்டிலுள்ள சிறு குழி) ஒன்று பக்கத்தில் இல்லாத முடிவை நம்பக் கூடாது.

கல்சியமும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

வன்னியில் கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் படையைக் காணாத வீடு குறைவு. சுரண்டினால் செதில் செதிலாக வரும் அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. இந்தத் தண்ணீர் ஆய்வுகூடத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகப் பார்க்கலாம்.

கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் வன்மையுள்ள தண்ணீரை எடுப்போம். கல்சியம் காபனேற்றின் மூலக்கூற்று நிறை 100. எனவே அந்தத் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 2.5 மில்லிமோலார். கட்ஹெரினின் ஐந்து வளையங்களுக்கு இடையே நான்கு மூட்டுகள். மூட்டுக்கு மூன்று கல்சியம். கரைசலில் சுமார் 1 மில்லிமோலார் கல்சியம் இருந்தால் போதும், அந்த மூட்டுகள் நிரம்பி மூலக்கூறு விறைப்பாக நிற்கும். காய்ச்சி வடிக்கும் கருவி சரியாக வேலை செய்யாமல், "கல்சியம் இல்லாத" கட்டுப்பாட்டுக் கரைசலை அந்தத் தண்ணீரில் கலந்துவிட்டால், அந்த 2.5இல் பெரும்பங்கு கல்சியமாக இருக்கும்போது அதில் வேண்டியதைவிடக் கூடுதல் கல்சியம் இருக்கும். கல்சியத்தைக் கட்டும் இரசாயனமான ஈ.டி.ரி.ஏ.யை 1 மில்லிமோலார் போட்டாலும் அது 1 மில்லிமோலாரைத்தான் கட்டும், 1.5 மிச்சம். கட்டுப்பாட்டுக் கிணற்றிலும் கலம் ஒட்டும். "எங்கள் புரதத்துக்குக் கல்சியம் தேவையில்லை" என்ற பிழையான முடிவு இப்படித்தான் பிறக்கும்.

நீரின் மின்தடைத்திறனை அளந்து பார்ப்பதே வழி. மிகத் தூய நீர் 18.2 மெகாஓம்-சென்ரிமீற்றர் காட்டவேண்டும். அளவி இல்லாத இடத்தில் கட்டுப்பாட்டுக் கிணற்றுக்கு ஈ.டி.ரி.ஏ.யை 5 மில்லிமோலாராகக் கூட்டி வைப்பது பாதுகாப்பு.

கல்சியம் பற்றி இன்னும் மூன்று இடறல்கள் உண்டு.

1. பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலில் கல்சியத்தைத் தாராளமாகப் போட்டாலோ, போட்டபின் ஓட்டோகிளேவில் வைத்தாலோ வெள்ளையாகக் கலங்கும். கல்சியம் பொஸ்பேற்று அடியில் படியும். கரைசலில் கல்சியம் இராது. கட்ஹெரின் வேலைக்கு திரிஸ் அல்லது ஹெப்பெஸ் தாங்கற் கரைசல் நல்லது.

2. ஊதா மூடிக் குழாயில் எடுத்த குருதியில் ஈ.டி.ரி.ஏ. உண்டு; நீல மூடியில் சிற்றேற்று. இரண்டும் கல்சியத்தைக் கட்டுபவை. அவற்றிலிருந்து பிரித்த வெண்குருதிக் கலங்களைக் கல்சியமும் மக்னீசியமும் உள்ள கரைசலில் கழுவாமல் பயன்படுத்தினால் ஒன்றும் ஒட்டாது.

3. கலங்களைத் தட்டிலிருந்து கழற்றப் போடும் திரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதியம்) ஈ.டி.ரி.ஏ.யோடு சேர்ந்து வருவது. கல்சியம் இல்லாத நிலையில் திரிப்சின் கட்ஹெரினை வெட்டித் தள்ளிவிடும். கல்சியம் இருந்தால் வெட்டாது. கட்ஹெரின் என்ற ஒன்று இருப்பதையே யப்பானிய விஞ்ஞானி தக்கெயிச்சி 1970களில் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பிரித்துக் காட்டினார். கட்ஹெரின் சோதனைக்கு 0.01 வீதத் திரிப்சினும் 1 முதல் 2 மில்லிமோலார் கல்சியமும் சேர்த்துக் கழற்றுவது அன்றிலிருந்து வந்த வழக்கம்.

வெக்கையும் மின்வெட்டும்

உலர்ந்த தூளாக இருக்கும்வரை இந்தப் புரதங்கள் ஓரளவு தாங்கும். கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் வெக்கையில் வந்தாலும் பெரும்பாலான தூள்கள் கெட்டுப்போவதில்லை. அவற்றுக்குக் கேடு கரைத்த பிறகுதான் தொடங்கும்.

குப்பி வந்ததும் பலர் திகைப்பார்கள், உள்ளே ஒன்றுமில்லையே என்று. 50 மைக்ரோகிராம் என்பது ஒரு சீனி மணியைவிடப் பல மடங்கு இலேசானது. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் அடியில் மெல்லிய பனிப்படலம் போலத் தெரியும், சிலவேளை அதுவும் தெரியாது. மூடியில் ஒட்டியிருக்கலாம். ஆகவே:

1. குளிரிலிருந்து எடுத்த குப்பியைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வைக்கவும். மாரிக்காலக் காற்றில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் ஈரம் உள்ளே படியும்.

2. மையநீக்கியில் சில விநாடிகள் சுற்றவும். தூள் அடிக்கு வரும்.

3. சுட்டியில் சொன்ன கரைசலை, உதாரணமாக 50 மைக்ரோகிராமுக்கு 250 மைக்ரோலீற்றர், சுவரோரமாக விடவும். செறிவு மில்லிலீற்றருக்கு 200 மைக்ரோகிராம். குலுக்கக் கூடாது; நுரை வந்தால் காற்றும் நீரும் சேரும் இடத்தில் புரதம் மடிப்புக் கெடும். 15 முதல் 30 நிமிடம் சும்மா விட்டு மெதுவாகச் சரித்துக் கலக்கவும்.

4. ஒருமுறைக்கு வேண்டிய அளவுகளாகப் பிரித்து, புரதம் ஒட்டாத வகைக் குழாய்களில் உறையவைக்கவும். சாதாரணக் குழாயின் சுவரிலேயே ஐதான புரதத்தின் கணிசமான பங்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப் புரதம் அல்லவா.

5. உறைபனி தானாகக் கரையும் வகை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். அது நாளுக்குச் சில தடவை சூடாகிக் குளிரும்.

மின்வெட்டு வந்து போனதா என்று தெரிந்துகொள்ள மலிவான வழி ஒன்று உண்டு. சிறு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்து, புரதம் இருக்கும் தட்டிலேயே விடுங்கள். விடுமுறை முடிந்து வந்து பார்க்கும்போது குற்றி பனிக்கட்டிக்குள் புதைந்திருந்தால் எல்லாம் ஒருமுறை உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. அந்தக் குழாய்களைப் புதிய சோதனைக்கு எடுக்க வேண்டாம்.

புரதத்தைக் காக்க 0.1 வீத மாட்டு அல்புமின் சேர்க்கலாம் என்று சில சுட்டிகள் சொல்லும். கலத்துக்கு மேலே ஊற்றும் வேலைக்கு அது சரி. தட்டில் பூசும் வேலைக்குச் சரியல்ல. 0.1 வீதம் என்பது மில்லிலீற்றருக்கு 1,000 மைக்ரோகிராம். உங்கள் புரதமோ 200. பிளாஸ்டிக்கில் இடம் பிடிக்கும் போட்டியில் அல்புமின் வென்றுவிடும். பூசுவதற்கு அல்புமின் சேர்க்காத குப்பியே வேண்டும்.

ஒட்டுச் சோதனை, படிப்படியாக

96 கிணற்றுத் தட்டு, இன்ரெகிரின் வழி ஒட்டுதல் என்று வைத்துக்கொள்வோம். இழைய வளர்ப்புக்கென்று பதப்படுத்திய தட்டு வேண்டாம். அதில் புரதம் இல்லாமலே கலம் ஒட்டும்.

1. புரதத்தை மில்லிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமாக ஐதாக்கவும். 24 கிணறுகளுக்கு 50 மைக்ரோலீற்றர் வீதம் 1,200 வேண்டும்; 1,300 செய்யலாம். 200 செறிவுக் கரைசலில் 32.5 மைக்ரோலீற்றர், மிச்சம் தாங்கற் கரைசல். செலவாகும் புரதம் 6.5 மைக்ரோகிராம். முதல்முறை என்றால் 0, 0.3, 1, 3, 10 என்று ஒரு வரிசை வைத்து எங்கே வளைவு தட்டையாகிறது என்று பார்ப்பது நல்லது.

2. 4 பாகையில் இரவு முழுவதும், அல்லது 37 பாகையில் ஒரு மணித்தியாலம். எங்கள் வெக்கைக்கு ஓரக் கிணறுகள் காய்ந்துவிடும். மூடி ஒட்டி, ஈரத் தாள் வைத்த பெட்டிக்குள் வையுங்கள். காய்ந்த கிணற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

3. இருமுறை கழுவி, மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அல்புமினால் வெற்றிடங்களை மூடவும். இந்த அல்புமினை முன்னதாக 85 பாகையில் 10 முதல் 12 நிமிடம் சூடாக்க வேண்டும். இலேசாகப் புகைபோலத் தெரிவதே பதம். வெள்ளையாகத் திரண்டால் கூடிவிட்டது.

4. கலங்களைக் கழற்றிய பிறகு திரிப்சினை நிறுத்தச் சீரம் போடாதீர்கள். சீரத்தில் பைப்ரோனெக்ரினும் விற்றோனெக்ரினும் நிறைய உண்டு. நீங்கள் பூசாததை அது பூசிவிடும். சோயாத் திரிப்சின் தடுப்பி போதும்.

5. கிணற்றுக்கு 20,000 முதல் 50,000 கலங்கள், சீரம் இல்லாத ஊடகத்தில், 37 பாகையில் 30 நிமிடம். மணிக்கணக்காக விட்டால் கலங்கள் தங்கள் சொந்தப் பைப்ரோனெக்ரினைச் சுரந்து அதில் நிற்கத் தொடங்கும்.

6. கல்சியம், மக்னீசியம் உள்ள கரைசலால் மெதுவாகக் கழுவி, நிலைப்படுத்தி, 0.1 வீதக் கிறிஸ்ரல் வயலற்றால் சாயமிட்டு, 10 வீத அசற்றிக் அமிலத்தில் சாயத்தைக் கரைத்து 570 நனோமீற்றரில் வாசிக்கவும். கை பாரமானவர் கழுவினால் ஒரு முடிவு, இலேசானவர் கழுவினால் இன்னொரு முடிவு. ஒரு தட்டை ஒருவரே கழுவ வேண்டும்.

எல்லாத் தட்டிலும் நான்கு கட்டுப்பாடுகள் கட்டாயம்: அல்புமின் மட்டும் உள்ள கிணறு, பொலிலைசின் கிணறு, ஈ.டி.ரி.ஏ. சேர்த்த கிணறு, அந்த இன்ரெகிரினைத் தடுக்கும் பிறபொருளெதிரி சேர்த்த கிணறு. பொலிலைசினில் கலம் மின்னேற்றத்தால் ஒட்டும். அங்கும் ஒட்டவில்லை என்றால் கலம் செத்துவிட்டது, புரதத்தில் குற்றமில்லை. பொலிலைசினில் ஒட்டிப் புரதத்தில் ஒட்டாவிட்டால் ஒரு கிணற்றில் 1 மில்லிமோலார் மங்கனீசு சேர்த்துப் பாருங்கள். மங்கனீசு இன்ரெகிரினை விழித்த நிலைக்குக் கொண்டுவரும். அப்போது ஒட்டினால் புரதம் நல்லது, கலத்தின் இன்ரெகிரின்தான் உறங்கிக் கிடந்தது. ஈ.டி.ரி.ஏ. போட்டும் ஒட்டினால், அது இன்ரெகிரின் ஒட்டல் அல்ல. மூடலைத் திரும்பச் செய்யவேண்டும்.

செய்தியை வாசிப்பவர் எதைக் கேட்கவேண்டும்

இந்தப் புரதங்களுக்கும் எங்கள் ஊர் நோய்களுக்கும் தொடர்பு நெருக்கமானது. வன்னியை மனிதர் குறைந்த காடாக வைத்திருந்த காரணங்களில் மலேரியாவும் ஒன்று. இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானது 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று சான்றளித்தது. பல்சிபாரம் மலேரியா ஆளைக் கொல்வது ஒட்டுவதால். கிருமி ஏறிய செங்குருதிக் கலம் தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டி, குருதிக் கலன் சுவரிலுள்ள ஐகாம்-1, சி.டி.36 போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு நுண்கலன்களை அடைக்கும். மீள்சேர்மான ஐகாம்-1ஐத் தட்டில் பொட்டாக வைத்து அதன்மேல் அந்தக் கலங்களை விட்டும் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். நச்சு உலோகமான கட்மியம் கல்சியத்தின் இடத்தில் ஏறி ஈ-கட்ஹெரின் பிடியைத் தளர்த்துவது பன்றிச் சிறுநீரகக் கலங்களில் காட்டப்பட்டது. வவுனியாவிலும் அயல் மாவட்டங்களிலும் காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் இருப்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துக் காரணம் கண்டுபிடித்தாயிற்று என்று எழுதுவது நோயாளிகளுக்குச் செய்யும் அநியாயம். தட்டில் நடந்தது தட்டில் நடந்தது. குடிநீர்க் கிணற்றில் எவ்வளவு கட்மியம், குருதியில் எவ்வளவு, சிறுநீரகத்தில் எவ்வளவு என்பவை தனித்தனியாக அளக்கவேண்டியவை.

எலிக்காய்ச்சலுக்குத் திரும்பினால், அதன் கிருமியான லெப்ரோஸ்பைராவில் லிக்-ஏ, லிக்-பி என்ற புரதங்கள் மனிதப் பைப்ரோனெக்ரினைப் பிடிப்பவை. வயல் தண்ணீரில் உப்புக் குறைவு. அங்கே கிருமி இவற்றை அதிகம் செய்வதில்லை. உடம்பின் உப்பளவுக்கு வந்ததும் கூட்டிச் செய்யும். ஆய்வுகூடத்தில் உப்புக் குறைந்த ஊடகத்தில் வளர்த்த கிருமியை நேரே பைப்ரோனெக்ரின் தட்டில் விட்டால் ஒட்டல் குறைவாகத்தான் வரும். 120 மில்லிமோலார் சோடியம் குளோரைட்டு சேர்த்து வளர்த்துப் பார்த்தால் கதை மாறும். ஆகவே எலிக்காய்ச்சல் ஆய்வொன்றின் செய்தியை வாசிக்கும்போது கேட்கவேண்டியவை மூன்று: எந்தப் புரதம், எந்தக் கலத்தில் செய்தது, கிருமியை எந்த உப்பில் வளர்த்தார்கள்.

அந்த ஒட்டலைத் தடுக்கும் ஒன்றைத் தட்டில் கண்டுபிடித்தாலும் அது மருந்தாக வர வருடக்கணக்காகும். இந்தப் போகத்தில் சேற்றில் இறங்குபவருக்கு இன்று கையில் இருப்பது டொக்சிசைக்கிளின். வயலில் இறங்க முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டு, அவர்கள் சொல்லும் ஒழுங்கில் எடுக்கவேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் கண் சிவப்பும் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், வயலில் நின்றதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.